ஐம்பத்திரண்டு பல் கூடுதல்

மைரன் அதைச் சொன்னபோது என் வாய் நிறைய இறைச்சி இருந்தது. பதில் சொல்ல முடியவில்லை. வாய் காலியாக இருந்திருந்தாலும் சொல்லியிருக்க முடியாது என்பது வேறு விஷயம்.

ஆகஸ்ட் திருவிழாவுக்கு ஒரு வாரம் இருந்தது. எங்கள் ஊர் லாட்ஜ் கிராஸில், வீட்டு முற்றத்தில் மருமகள் ரேலினின் ஆட்களுக்கு விருந்து. என் பையன் டைரல் அவளைக் கட்டிக்கொண்டு எட்டு மாதம் ஆகிறது. எங்கள் க்ரோ பழங்குடி ஆட்களிடம் மருமகளுக்குப் பல்லங்கி போட்டு ஊர்முன் நிறுத்துவது மாப்பிள்ளை வீட்டு வேலை. சிவப்புக் கம்பளித் துணியில் நீளமான அங்கி, அதில் கழுத்திலிருந்து முழங்கால் வரை வரிசை வரிசையாக எல்க் மானின் தந்தப் பல். ஒரு மானின் மேல்தாடையில் அந்த மாதிரிப் பல் இரண்டே இரண்டுதான் இருக்கும். கட்டைவிரல் நுனி அளவு, பாலில் டீ கலந்த நிறம். வாயில் மீதி இருப்பதை நாய்கூடத் தொடாது. அதனால் அங்கியைப் பார்த்தாலே அந்த வீட்டு ஆண்பிள்ளை எத்தனை மான் சாய்த்தான் என்று தெரிந்துவிடும். இப்போது பாதிப் பேர் பிளாஸ்டிக் பல் வாங்கித் தைக்கிறார்கள். அதை யாரும் குறை சொல்வதும் இல்லை.

நான்தான் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். பனி உருகிய மாதம் ஒரு கூட்டத்தில் எல்லார் முன்னாலும் எழுந்து நின்று, "என் மருமக கவுன்ல வரப்போற ஒவ்வொரு பல்லும் நானே சுட்ட மானோடது. வாங்கினது ஒண்ணு கிடையாது, இரவல் ஒண்ணு கிடையாது" என்று சொல்லிவிட்டேன். திருவிழாச் சனிக்கிழமை ஊர்வலத்தில் என் அப்பா குலத்துப் பெரியவர் பர்டிக் ஒலிபெருக்கியில் அதே வார்த்தையைச் சொல்லி ரேலினை நடத்திப் போவதாக ஏற்பாடு. எங்களிடம் ஒருவன் செய்ததை ஊர் முன் கூவினால் அது மெய்யாக இருக்க வேண்டும். எதிரியின் குதிரையை அவிழ்த்து வந்த காலத்திலிருந்து அப்படித்தான். பொய் என்று தெரிந்துவிட்டால் பேரப்பிள்ளைகள் காலத்திலும் அந்த வீட்டை விடமாட்டார்கள்.

விருந்தில் என் மனைவி ஆர்லின் அங்கியை எடுத்து வந்து இரண்டு கையாலும் விரித்துப் பிடித்தாள். சம்பந்தி வீட்டுப் பெண்கள் வாயில் கை வைத்தார்கள். பற்கள் ஒன்றோடொன்று உரசிச் சலசலத்தன. அப்போதுதான் மைரன் தட்டைக் கீழே வைத்துவிட்டு எழுந்தான்.

"நல்லா இருக்கு, ரொம்ப நல்லா இருக்கு. ஆனா ரேலினு, வெயில்ல மட்டும் ரொம்ப நேரம் நிக்காதம்மா. உருகிடும்."

முற்றம் முழுக்கச் சிரித்தது.

"இவன் வேட்டையாடுறத நான் கண்ணால பாத்தேன்" என்றான் மைரன், என்னைக் கை காட்டி. "பில்லிங்ஸ்ல அந்தப் பாசிமணி விக்கிற கடை. பிளாஸ்டிக் பல்லு தொங்குற அலமாரிக்குப் பின்னால பதுங்கி நிக்கிறான். விரல நக்கி, காத்து எந்தப் பக்கம் அடிக்குதுன்னு பாக்குறான். அப்புறம் முட்டி போட்டுப் போயி, ஒரே அமுக்கு! மொத்தக் கூட்டத்தையும் சாய்ச்சுட்டான்."

நானும் சிரித்தேன். சிரித்தே ஆக வேண்டும். மைரனின் அப்பாவும் என் அப்பாவும் நெய்வாய்க் குலம். அப்பாக்கள் ஒரே குலமாக இருந்தால் பிள்ளைகள் கேலி உறவு. அவன் என்னை எங்கே வைத்தும் எப்படியும் கிழிக்கலாம், நான் கோபப்படக் கூடாது. அவன் மாட்டும்போது என் முறை வரும். இதில் ஒரு சங்கடம் உண்டு. நீ செய்த தப்பை உன் அண்ணன் தம்பி சொல்ல மாட்டான், பெண்டாட்டி சொல்ல மாட்டாள். சொல்லும் வேலை கேலி உறவுக்குத்தான். நான் குடித்துவிட்டு வண்டியை ஆற்றில் இறக்கியதை ஒரு விருந்தில் போட்டு உடைத்தவன் மைரன். அது உண்மை. அடுத்த வருஷம் நான் பல் டாக்டர் நாற்காலியில் அழுதேன் என்று சொன்னான். அது சுத்தப் பொய். இரண்டையும் ஒரே முகத்தோடுதான் சொன்னான்.

மறுநாள் பெட்ரோல் பங்கில் அவனைப் பிடித்தேன்.

"பங்காளி, நேத்து சொன்னது நெசமா?"

"நெசந்தான்."

"விளையாடாதடா."

"சரி, பொய்யி."

"எதுடா ஒண்ணு சொல்லு."

"உனக்கு எது வேணும்? ரெண்டும் இருக்கு" என்று சொல்லிவிட்டு அவன் வண்டியில் ஏறிப் போய்விட்டான்.

எனக்குச் சந்தேகம் வரக் காரணம் இருந்தது. ஒவ்வொரு இலையுதிர் காலத்திலும் மலையில் மான் சாய்த்ததும் அங்கேயே கத்தியால் அந்த இரண்டு பல்லையும் நெம்பி எடுப்பேன். கொண்டுவந்து ஆர்லின் கையில் கொடுப்பேன். அவள் தன் அம்மா வெல்மாவிடம் கொடுப்பாள். சுத்தம் செய்வது, துளை போடுவது, தைப்பது எல்லாம் வெல்மா. என் கையை விட்டுப் போன பல்லை நான் திரும்பப் பார்த்ததே இல்லை.

வெல்மாவிடம் கேட்டால் ஒரு நிமிஷத்தில் தெரிந்துவிடும். ஆனால் மாமியாரிடம் மருமகன் பேசக் கூடாது, முகம் பார்க்கக் கூடாது. எங்கள் வீட்டுக்கும் அவளுடைய ட்ரெய்லர் வீட்டுக்கும் அறுபது காலடி தூரம். இருபத்தாறு வருஷத்தில் ஒரு வார்த்தை பேசியதில்லை. சண்டை எதுவும் இல்லை, மரியாதை அது. அவள் சமையலறைக்குள் வந்தால் நான் பின்வாசலால் போவேன். நான் எதிரே வந்தால் அவள் சால்வையை இழுத்துக்கொள்வாள். அவளுடைய இடது காதும் பாதிக் கன்னமும் எனக்குத் தெரியும், அவ்வளவுதான்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். எனக்கு முப்பத்தெட்டு வயதில் நிலக்கரிச் சுரங்கத்தில் லாரி டயர் உருண்டு இடுப்பு உடைந்தது. ஒன்றரை வருஷம் படுக்கை, அதற்கு மேல் வலி மாத்திரை. அந்த நாட்களில் வீட்டில் என்னென்ன காணாமல் போனது, யார் எடுத்தார்கள், நானே எடுத்தேனா என்பதெல்லாம் எனக்குத் தெளிவாக நினைவில்லை. என் நல்ல துப்பாக்கி ஒன்று போனது. அதை நான்தான் விற்றேன் என்று ஆர்லின் சொல்கிறாள். எனக்கு ஞாபகம் இல்லை. துப்பாக்கியே ஞாபகம் இல்லாதவன் பல்லுக்கு எப்படிச் சத்தியம் செய்வது?

செவ்வாய்க்கிழமை காலை ஆர்லினும் ரேலினும் கூடாரத் துணி தைத்து வாங்க ஹார்டினுக்குப் போனார்கள். நான் அங்கியை எடுத்துச் சாப்பாட்டு மேசையில் விரித்தேன். தையல் ஊசி ஒன்றைக் குறடால் பிடித்து அடுப்பில் சிவக்கக் காட்டி, ஒவ்வொரு பல்லாகத் திருப்பி, துணிப் பக்கம் இருக்கும் முதுகில் வைத்தேன். பிளாஸ்டிக் என்றால் ஊசி உள்ளே இறங்கும், நாறும். முதல் வரிசை இறங்கவில்லை. இரண்டாவதும் இறங்கவில்லை. ஊசியை மறுபடி மறுபடி சிவக்கக் காட்டினேன். கடைசிப் பல் வரை பார்த்தேன். ஒன்றுகூட உருகவில்லை.

மைரனை ஆசை தீரத் திட்டினேன். எழுந்து ஒரு காபி போட்டுக் குடித்தேன். அத்தோடு அங்கியை மாட்டிவிட்டுப் போயிருக்க வேண்டும். போகாமல், ஊரில் பெருமையாகச் சொல்லலாமே என்று எண்ண ஆரம்பித்தேன்.

இருநூற்று அறுபது வந்தது.

வண்டிக் கொட்டகையில் ஒரு உத்தரம் இருக்கிறது. பதினேழு வயதில் சுட்ட முதல் மானிலிருந்து ஒவ்வொன்றுக்கும் அதில் உளியால் ஒரு வெட்டு வைத்திருக்கிறேன். போய் ஏணி போட்டு ஏறிப் பார்த்தேன். நூற்று நான்கு வெட்டு. நூற்று நான்கு மானுக்கு இருநூற்று எட்டுப் பல். திரும்பி வந்து அங்கியை மறுபடி எண்ணினேன். இருநூற்று ஐம்பத்தெட்டு. இன்னொரு முறை. இருநூற்று அறுபத்தொன்று. பிறகு ஒவ்வொரு பல்லுக்கும் ஒரு பீன்ஸ் விதையை மேசையில் வைத்துக்கொண்டே போனேன். இருநூற்று அறுபது.

குறைந்திருந்தால் புரிந்திருக்கும். திருட்டு, விற்பனை, மாத்திரை, ஏதோ ஒன்று. கூடியிருக்கிறது. ஐம்பத்திரண்டு பல் நான் சாய்க்காத மானின் வாயிலிருந்து வந்து என் மருமகள் தோளில் உட்கார்ந்திருக்கிறது. நான் ஊரில் சொன்ன வார்த்தை பொய். ஒரு கணக்கில் பிளாஸ்டிக்கே தேவலாம் போலிருந்தது. பிளாஸ்டிக் என்றால் யாரோ ஏமாற்றினார்கள் என்று சொல்லலாம். இதை என்னவென்று சொல்வது?

ஆர்லின் உள்ளே வந்தபோது மேசையில் அங்கி, குறடு, ஊசி, பீன்ஸ் விதை எல்லாம் கிடந்தன.

"என்னய்யா பண்ற?"

"எண்ணுறேன்."

"பீன்ஸையா?"

சொன்னேன். அவள் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"நான் ஒண்ணும் சேக்கல. நீ குடுத்தத அப்படியே அம்மாகிட்ட குடுத்தேன். எனக்கு எங்கேருந்து அம்பது பல்லு வரும்?"

"உங்கம்மாகிட்ட கேளு."

அறுபது காலடி நடந்து போனாள். திரும்பி வந்தாள்.

"எல்லாம் அவனோட பல்லுதான்னு சொல்லுங்குது."

"இல்லன்னு சொல்லு. நான் சுட்டது நூத்தி நாலுதான்."

போனாள். வந்தாள். "அம்மை வடு எண்ணுறவனாட்டம் ஏன் ஒண்ணொண்ணா எண்ணிக்கிட்டு இருக்கான், வேலை இல்லையான்னு கேக்குது."

"பேச்ச மாத்த வேணாம்னு சொல்லு."

இந்த முறை ஒரு தட்டு நிறையப் பொரித்த ரொட்டியோடு வந்தாள். மேலே காட்டுப் பழக் களி.

"இது என்ன பதிலு?" என்றேன்.

"எனக்கென்ன தெரியும்? குடுத்துச்சு, கொண்டாந்தேன். நான் கேட்டா மூஞ்சிய அந்தப் பக்கம் திருப்பிக்குது. மருமகன் நீயா நானான்னே தெரியல, என்கிட்டயும் பேச மாட்டேங்குது. இனிமே நான் போக மாட்டேன், சொல்லிட்டேன். உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல தபால் தூக்கித் தூக்கி என் செருப்பே தேஞ்சு போச்சு."

ரொட்டியைத் தின்றேன். நன்றாக இருந்தது. ஒன்றும் விளங்கவில்லை.

புதன்கிழமை முழுக்கக் கூடாரக் கழிகளைத் தோல் உரித்து வண்டியில் ஏற்றினேன். வேலை செய்தால் புத்தி தெளியும் என்பார்கள். எனக்குக் கழிகளின் எண்ணிக்கையும் தப்பியது. இருபத்திரண்டு வேண்டும், பத்தொன்பதை ஏற்றிவிட்டு முடிந்தது என்று உட்கார்ந்திருந்தேன். டைரல்தான் வந்து சொன்னான்.

மாமியாரோடு பேசாத இந்த விலக்கை முறிக்க ஒரு வழி உண்டு. மருமகன் மாமியாருக்குப் பெரிய பரிசு ஒன்று கொடுக்க வேண்டும். வாங்கிக்கொண்டாள் என்றால் அன்றிலிருந்து அவள் அவனுக்குத் தாய், பேசலாம். சில்லறைப் பரிசு செல்லாது. கொடுத்தால் வலிக்க வேண்டும்.

என்னிடம் வலிக்கிற மாதிரி இருந்தது ஒன்றுதான். செம்பழுப்புக் குதிரை, ஆறு வயது. குட்டியாக இருக்கும்போதே வாங்கி நானே பழக்கியது. இடுப்பு உடைந்தவன் ஏற அது தானாக வாய்க்கால் மேட்டோரம் போய் நிற்கும். சனிக்கிழமை ஊர்வலத்தில் ரேலினுக்குப் பின்னால் அதில் போவதாக இருந்தேன்.

வியாழக்கிழமை மதியம் அதைத் தேய்த்துக் குளிப்பாட்டி, ட்ரெய்லர் வாசலுக்கு நடத்திப் போனேன். கதவுக்கு முதுகைக் காட்டி நின்றேன். உள்ளே ரேடியோ ஓடிக்கொண்டிருந்தது. அதை அணைத்தார்கள்.

"இது உங்களுக்கு" என்றேன். குரல் யாருடையதோ போல இருந்தது. பிறகு, "அம்மா" என்றேன்.

குதிரை வாலைச் சுழற்றி என் தோளில் அடித்தது. கதவு திறந்தது. கயிறு என் கையிலிருந்து மெல்ல நழுவிப் போனது.

"படியில சேறு" என்றாள் வெல்மா. அதுதான் அவள் என்னிடம் சொன்ன முதல் வார்த்தை. "செருப்பத் தட்டிட்டு ஏறு."

உள்ளே போனேன். எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. அவளுக்கும் தெரியவில்லை.

"அந்த நாற்காலில உக்காரு. சன்னல் பக்கம் திரும்பிக்கோ. உன் மூஞ்சியப் பாத்தா எனக்குப் பேச்சு வராது."

திரும்பி உட்கார்ந்தேன். "அந்த அம்பத்திரெண்டு பல்லு..."

"இருபத்தாறு வருஷம் கழிச்சு மொத மொத வாயத் தொறக்குறான், பல்லாம். எப்படி இருக்கீங்கன்னு கேக்கத் தெரியல."

"எப்படி இருக்கீங்க?"

"முட்டி வலி. பனி அள்ளும்போது என் வாசல்ல பாதி வழியோட விட்டுட்டுப் போறியே, மீதிய யாரு அள்ளுவா?"

"நீங்க உள்ள இருப்பீங்களேன்னு..."

"உன் நாயி என் குப்பையக் கிண்டுது. அந்தப் பச்சை வண்டிய என் சன்னலுக்கு நேரா நிறுத்தி ஒம்போது வருஷம் ஆச்சு. மலையே தெரியல. ஆர்லினு கல்யாணத்தன்னிக்கு நீ சட்டை பட்டன மாத்திப் போட்டிருந்த, அதச் சொல்லணும்னு இருபத்தாறு வருஷமா நெஞ்சுல கெடக்குது."

அரை மணி நேரம் போயிற்று. எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டேன். பிறகு அவள் காபி ஊற்றி என் முதுகுக்குப் பின்னாலிருந்து நீட்டினாள். குரல் இறங்கியது.

"ஆர்லின்கிட்ட சொல்லக் கூடாது."

"சரி."

"அவ அப்பாவுக்கு நுரையீரல் கெட்டுப்போச்சே, அந்த வருஷம். வாரம் ரெண்டு தடவ பில்லிங்ஸ் ஆஸ்பத்திரி. பழைய சாமான் வாங்குற ஒருத்தன் வந்தான். என் கல்யாணக் கவுனக் கேட்டான். ஆம்ப்ரோஸு சுட்ட பல்லு எல்லாம் அதுலதான். குடுத்துட்டேன். ஆர்லின்கிட்ட, அப்பாவோட குழியில வெச்சுட்டேன்னு சொன்னேன். அந்தக் கவுனு மேல அவளுக்கு அவ்வளவு உசிரு. வித்தேன்னு தெரிஞ்சா என்ன மன்னிப்பாளோ, தெரியாது."

காபிக் கோப்பையைச் சன்னல் திட்டில் வைத்தேன்.

"மொத்தத்தையும் குடுக்க மனசு வரல. அதுக்கு முந்தின நாளு உக்காந்து தோள்பட்டை ரெண்டு வரிசைய அவுத்தேன். அம்பத்திரெண்டு. அந்த எடத்துல மாட்டெலும்ப பல்லாட்டம் செதுக்கி, டீத்தண்ணில ஊற வெச்சு, தெச்சுக் குடுத்தேன். அவனுக்குத் தெரியல. எங்கியோ கண்ணாடிப் பொட்டில நிக்க வெச்சு, வர்றவங்களுக்கெல்லாம் காட்டிக்கிட்டு இருப்பான், பாவம்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மூன்று நாளில் முதல் முறையாக எல்லாம் விளங்கியது. ஐம்பத்திரண்டும் மாமனார் ஆம்ப்ரோஸ் சுட்ட மான்களின் பற்கள். திருட்டு இல்லை, பிளாஸ்டிக் இல்லை.

"சிரிக்காத, இன்னும் முடியல" என்றாள் வெல்மா. "அவுத்தது ஒரு பையில. செதுக்கினது எச்சா அம்பது அறுபது இருந்துச்சு, அது ஒரு பையில. ரெண்டும் மாவு வந்த துணிப்பை. அந்தாளு வர்ற நேரம் ஆஸ்பத்திரிலேருந்து போனு. அவசரம் அவசரமா அந்தக் கவுன்ல தெச்சேன். எந்தப் பையிலேருந்து எடுத்துத் தெச்சேன்னு..."

"தெரியாதா?"

"அன்னிக்குத் தெரிஞ்சுதான் தெச்சேன். பத்து வருஷம் முன்னாடி ஒரு பை எலி கடிச்சுப் போச்சுன்னு தூக்கிப் போட்டேன். இருந்தத உன் மருமக கவுன்ல தெச்சேன். தெச்சு முடிச்ச பொறவு சந்தேகம் வருது, தூக்கிப் போட்டது எந்தப் பைன்னு."

"அப்ப அது பல்லா எலும்பா?"

"அதத்தான்டா நானும் இருபது நாளா யோசிக்கிறேன். சூடு வெச்சுப் பாத்தியாமே. எலும்பும் உருகாது, பல்லும் உருகாது."

"உங்க செதுக்கல உங்களுக்கே தெரியலயா?"

"நான் நல்லா செதுக்குவேன்" என்றாள். அதில் கொஞ்சம் பெருமை இருந்தது.

"எதுக்கு அதச் சேத்தீங்க? என்னோடது இருந்துச்சே?"

"உன்னது தோள்பட்டைக்குப் பத்தல. நீ படுத்துக் கெடந்த வருஷமெல்லாம் ஒண்ணும் வரலியே. அந்தப் பொண்ணு மொட்டைத் தோளோட ஊர் முன்னால போகணுமா? அவ கட்டிக்கிட்டது ஆம்ப்ரோஸோட பேரனத்தான. அந்தாளோடதும் கொஞ்சம் இருக்கட்டும்னு தெச்சேன்."

கிளம்பும்போது வாசலில் குதிரை என்னைப் பார்த்து நடந்து வந்தது. கயிறு இழுத்து நிறுத்தியது.

வீட்டுக்கு வந்து தோள்பட்டை இரண்டு வரிசையையும் வெளிச்சத்தில் பார்த்தேன். நூற்று நான்கு மானின் வாயைத் திறந்தவன் நான். முதல் பல் நிச்சயம் பல், சத்தியம் செய்வேன். இரண்டாவது எலும்பு. மூன்றாவது பல். மறுபடி முதலைப் பார்த்தால் எலும்பு போல இருந்தது. நாக்கில் வைத்துப் பார்த்தேன், முன்பல்லில் தட்டிப் பார்த்தேன். எல்லாம் ஒரே ருசி. டைரல் உள்ளே வந்து, தன் மனைவியின் அங்கியை அப்பா நக்கிக்கொண்டிருப்பதைப் பார்த்து, ஒன்றும் கேட்காமல் வெளியே போய்விட்டான்.

வெள்ளிக்கிழமை திருவிழா முகாமில் பர்டிக்கின் கூடாரத்துக்குக் கம்பளி ஒன்றும் சிகரெட்டும் கொண்டு போனேன்.

"நாளைக்குச் சொல்லப்போறத மாத்தணும்" என்றேன்.

"என்ன மாத்தணும்? ஒவ்வொரு பல்லும் இவனே சுட்டது. மனப்பாடமாச்சே."

"இருநூத்தி எட்டுதான் நான் சுட்டது. மிச்சம் அம்பத்திரெண்டு நான் சுடல."

"யாரு சுட்டது?"

"சொல்ல முடியாது."

"ஏன், ரகசியமா?"

"பாதி ரகசியம். பாதி, தெரியாது. அது பல்லுதானான்னே நிச்சயமில்ல."

பர்டிக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு என்னைப் பார்த்தார். "மாத்திரையெல்லாம் விட்டுட்டேல்ல?"

"விட்டுட்டேன்."

"தெரியாதுன்னு மைக்குல சொல்லச் சொல்ற. நாப்பது வருஷமா நான் கூவுறேன், ஒருத்தனும் இப்படிக் கேட்டதில்ல. பேசாம நூத்தி நாலு மானுன்னு மட்டும் சொல்லிட்டுப் போயிடலாமே. யாரு எண்ணப் போறா?"

"நான் எண்ணிட்டேனே" என்றேன்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கே தூசியும் வெயிலும். ரேலின் வெள்ளைப் பெட்டைக் குதிரையில் வந்தாள். ஒவ்வொரு அசைவுக்கும் பற்கள் சலசலத்தன. அவளுக்குப் பின்னால் என் செம்பழுப்புக் குதிரையில் வெல்மா, நல்ல சால்வை போட்டுக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். நான் பக்கத்தில் நடந்தேன். மருமகன் நடக்க, மாமியார் அவன் குதிரையில் போவதைப் பார்த்து வரிசையில் நின்ற பெண்கள் நாக்கைச் சுழற்றிக் குலவையிட்டார்கள்.

பர்டிக்கின் குரல் எங்கள் மொழியில் முழங்கியது. "இந்தப் பொண்ணோட மாமனாரு நூத்தி நாலு எல்க் சாய்ச்சவன். அதுல வந்த இருநூத்தி எட்டுப் பல்லும் இவ மேல இருக்கு. தோள்ல இருக்குற அம்பத்திரெண்டு இவன் சுட்டதில்லையாம். எல்லாம் என்னோடதுன்னு இந்த வருஷம் இவன் சொன்னது தப்பாம். அந்த அம்பத்திரெண்டு எதுன்னு இவனுக்கே தெரியாதாம். சொல்லச் சொன்னான், சொல்லிட்டேன்."

சிலர் திரும்பி ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு ரேலினின் அப்பா கூட்டத்திலிருந்து கையை உயர்த்தி, "இருநூத்தி எட்டே எங்களுக்குப் போதும்!" என்று கத்தினார். சிரிப்பும் குலவையும் ஒன்றாகக் கிளம்பின. ரேலின் தலை குனியவில்லை. எனக்கு அப்போதுதான் நிம்மதி.

மைரன் வேலியைத் தாண்டி ஓடி வந்தான். அவன் முகத்தில் சிரிப்பு இல்லை. அந்த முகத்தை நான் பார்த்ததே கிடையாது.

"பங்காளி, என்னடா இது? நான் சொன்னதுக்கா குதிரையக் குடுத்த?"

"ஆமா."

"டேய், நான் எல்லாக் கல்யாணத்துலயும் அதத்தான்டா சொல்றேன்! உருகிடும்னு. உன் தம்பி கல்யாணத்துலயும் சொன்னேன். அதெல்லாம் பிளாஸ்டிக்கா இல்லையான்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"அப்ப உனக்கு ஒண்ணும் தெரியாதா?"

"ஒரு மண்ணும் தெரியாது." அவன் குதிரையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தான். "அப்ப அந்த அம்பத்திரெண்டு யாரோடது?"

"உனக்கு எது வேணும், ரெண்டும் இருக்கு" என்றேன். அவன் அங்கேயே நின்றுவிட்டான். அடுத்த விருந்தில் அவன் இதை எப்படிப் போட்டுக் கிழிப்பான் என்று யோசித்துக்கொண்டே நடந்தேன். எப்படியும் கிழிப்பான்.

மேலேயிருந்து வெல்மா கூப்பிட்டாள். நேற்றுக் காலையிலிருந்து அவள் ஓயவில்லை. கூடாரக் கயிறு தளர்வு, காபியில் தண்ணீர், நான் நடக்கும்போது வலது காலை இழுக்கிறேன்.

"டேய், வாரு தளந்திருக்கு பாரு. நான் விழுந்து சாகவா?"

ஓடிப்போய்ச் சேண வாரை இழுத்துக் கட்டினேன். குதிரை வயிற்றை உப்பிக்கொண்டு என்னை ஏமாற்றப் பார்த்தது, அது எப்போதும் செய்வதுதான். முழங்காலால் லேசாக ஒரு தட்டுத் தட்டினேன். மூச்சை விட்டது.

வெல்மா குனிந்தாள். முன்னால் போகிற ரேலினின் தோளைப் பார்த்துக்கொண்டே மெல்லச் சொன்னாள். "வலது தோளு, ரெண்டாவது வரிசை. ஓரத்துலேருந்து அஞ்சாவது. அது எலும்புதான்னு நெனைக்கிறேன்."

நானும் பார்த்தேன். வெயிலில் பளபளத்தது.

"அஞ்சாவதா, அம்மா?"

"இரு." அவள் கண்ணைச் சுருக்கிக்கொண்டாள். ரேலினின் குதிரை நடை மாற்றியது, பற்கள் எல்லாம் ஒரு முறை குலுங்கி இடம் மாறி உட்கார்ந்தன. "இல்ல இல்ல. அது நல்லது. அது ஆம்ப்ரோஸோடது."

ஆர்லின் பின்னாலிருந்து வந்து என் கையைப் பிடித்தாள். "அம்மா என்ன சொல்லுது?"

"வாரு தளந்திருக்காம்" என்றேன்.